கட்டிட அனுமதியும் நிலவுடைமையும்
இலங்கையின் வீடமைப்புச் சட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

வீடு கட்ட விரும்பும் ஒருவர் உள்ளூராட்சிச் சபையொன்றின் வாயிலிற் காத்து நிற்கும் காட்சி நம் எல்லோருக்கும் பழக்கமானது. அவர் கையிலே காணி உறுதியின் பிரதி, நில அளவையாளரின் வரைபடம், கட்டிட வரைபடத்தின் படிகள், ஆதனவரி செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியன இருக்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து தெருக்கோட்டையும் எல்லைகளையும் பார்ப்பார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பார். சபையின் அனுமதி கிடைத்த பின்னரே அத்திவாரம் வெட்டப்படலாம். வீடு முடிந்ததும் மீண்டும் ஒரு பரிசோதனை. அதன் பின் ஒரு சான்றிதழ். அச்சான்றிதழின்றி அவ்வீட்டிற் குடிபுகுதல் சட்டப்படி குற்றமாகும்.

இந்நடைமுறை அலுப்பூட்டுவது என்பதிலும், தாமதத்திற்கும் கையூட்டுக்கும் இடமளிப்பது என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. எனினும் இதனை வெறும் அலுவலகச் சிக்கலாகக் கருதும் மனப்பான்மை காரணமாக, இதற்கென ஒரு சமூக வரலாறு உண்டு என்பது நம் ஆய்வாளரின் கவனத்தை உரிய அளவு பெறவில்லை. யார் எத்தகைய வீட்டிற் குடியிருக்கலாம் என்பதை அதிகாரம் தீர்மானித்து வந்த வரலாறே அது. அனுமதி வழங்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது, எக்காரணம் காட்டி அது நியாயப்படுத்தப்பட்டது, அதற்காக விண்ணப்பிக்கும் தகைமை எவருக்கு இருந்தது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலிரண்டு வினாக்களுக்கான விடைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளன. மூன்றாவதற்கான விடை ஏறத்தாழ மாறாமலே இருந்துள்ளது. அந்த மாறாமையிலேதான் நம் வீடமைப்புப் பிரச்சினையின் மூலவேர் கிடக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2

கட்டிடத்துக்கு அனுமதி என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமை எனப் பொதுவாக நம்பப்படுகிறது. இது முற்றிலும் சரியன்று. 1660 ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டு, 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலிலே மக்களின் வீடுகளைப் பற்றி விரிவாகக் கூறியுள்ளார். சாதாரண குடிகள் ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்டவோ, கூரைக்கு ஓடு வேயவோ, சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என்பது அவர் தரும் செய்தி. சுண்ணாம்புக்குப் பதிலாக வெண்ணிறக் களிமண்ணை அவர்கள் சில வேளைகளிற் பூசினர் என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

இங்கு விலக்கப்பட்டது பாதுகாப்பற்ற வீடன்று. ஓட்டுக் கூரை ஓலைக் கூரையிலும் உறுதியானது, தீப்பற்றாதது. சுண்ணாம்பு பூசிய சுவர் மண் சுவரிலும் சுத்தமானது. நல்ல வீடே இங்கு விலக்கப்பட்டிருந்தது. ஓடும் சுண்ணாம்பும் அரசனுக்கும் தேவாலயத்துக்கும் பிரதானிகளுக்கும் உரிய சின்னங்களாக இருந்தமையால், அவற்றைக் குடியானவன் பயன்படுத்துவது நிலமானிய ஒழுங்கையே மீறுவதாகக் கொள்ளப்பட்டது. உடை, அணி, பல்லக்கு என்பவற்றுக்கு இருந்த விதிகளின் தொடர்ச்சியாகவே கூரைக்கும் விதி இருந்தது. வெண்களிமண்ணைத் தேடிப் பூசிய அப்பெயரறியாத குடியானவர்களின் செயலிலே, தடையினூடும் தம் வாழ்விடத்தை அழகுபடுத்த விழைந்த மனித முயற்சியை நாம் காணலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதே ஒழுங்கு சாதி வடிவில் இயங்கியது. பிறர் காணியிற் குடியிருத்தப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் கல்வீடு கட்டுவதற்கு ஆதிக்க சாதியினர் காட்டிய எதிர்ப்பு இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. மாநகர சபையோ கிராம சபையோ அனுமதி வழங்குவதற்கு முன்னரே, காணிக்காரரின் எழுதப்படாத அனுமதி ஒன்று அங்கே தேவைப்பட்டது.

3

குடியேற்றவாத முதலாளித்துவம் இப்பழைய தகுதி விதிகளைப் பெருமளவு செயலிழக்கச் செய்தது. பணமுள்ளவன் ஓடு வேயலாம், மாடி கட்டலாம் என்ற நிலை உருவாயிற்று. இது ஒரு முன்னேற்றமே. ஆயின் அதே முதலாளித்துவம் கொழும்பிலே புதியதொரு நெருக்கடியைத் தோற்றுவித்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் ஏற்றுமதியாகிய வழி கொழும்புத் துறைமுகம். 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட தென்மேற்கு அலைதடுப்பு 1885 இல் நிறைவெய்தியதும், கொழும்பு ஆசியாவின் முக்கிய துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. துறைமுகம், புகையிரதப் பகுதி, பண்டசாலைகள், அச்சுக்கூடங்கள் ஆகியவற்றில் உழைப்பதற்கெனத் தென்னிலங்கைக் கிராமங்களிலிருந்தும் தமிழகம், கேரளம் ஆகிய பிரதேசங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். அவர்களுக்கு வேலை இருந்தது, வீடு இருக்கவில்லை.

காணிச் சொந்தக்காரர்கள் தம் வளவுகளின் பின்புறத்தே வரிசை வரிசையாகச் சிற்றறைகளை எழுப்பி வாடகைக்கு விட்டனர். இவ்வறைத் தொகுதிகள் தமிழிலே ‘தோட்டம்’ என்றும் சிங்களத்திலே ‘வத்த’ என்றும் வழங்கலாயின. அவற்றுக்குச் செல்லும் ஒடுங்கிய வழியையும், காலப்போக்கில் அவ்விருப்பிடத்தையுமே ‘முடுக்கு’ என்ற தமிழ்ச் சொல் குறித்தது. சிங்களத்திலும் ஆங்கில அறிக்கைகளிலும் கூட அச்சொல் இடம்பெற்றது. மலையகத்திலும் கொழும்பிலும் உழைப்பாளியின் இருப்பிடத்துக்குத் ‘தோட்டம்’ என்ற ஒரே சொல் வழங்கியமை சிந்தனைக்குரியது. மலையகத் தோட்டத்திலே தேயிலை விளைந்தது. கொழும்புத் தோட்டத்திலே வாடகை விளைந்தது. இரண்டிலும் குடியிருந்தவனுக்கு நிலம் சொந்தமில்லை.

1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினாற் கொழும்பு மாநகர சபை நிறுவப்பட்டிருந்தது. சொத்துத் தகைமை பெற்ற சிலரே அதன் வாக்காளர். எனவே, தோட்டங்களின் சொந்தக்காரர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை அச்சபை விரைந்து இயற்றும் என எதிர்பார்ப்பதற்கில்லை. நிலைமையை மாற்றியது 1914 ஆம் ஆண்டிற் கொழும்பிலே தலைகாட்டிய கொள்ளைநோய். எலிகளினாலும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளினாலும் பரவிய அந்நோய், அரிசிக் களஞ்சியங்களும் நெருக்கமான குடியிருப்புகளும் அருகருகே அமைந்த நகருக்குப் பேரச்சமூட்டியது. பெருந்தோட்டங்களுக்குரிய அரிசியும் தொழிலாளரும் வந்து இறங்கும் துறை நோய்ப்பட்டால் ஏற்றுமதிப் பொருளாதாரம் முழுவதுமே ஆட்டங்காணும். அதற்கு மறு ஆண்டில், அதாவது 1915 இல், 19 ஆம் இலக்க வீடமைப்பு, பட்டின மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பிரித்தானியாவில் 1909 இல் நிறைவேறிய வீடமைப்பு, நகரத் திட்டமிடற் சட்டம் அதற்கு முன்னோடியாக இருந்தது.

முதலாளித்துவம் தொழிலாளியின் குடியிருப்பைப் பற்றிக் கவலை கொள்வது, அங்கு தோன்றும் தொற்றுநோய் தன் வாயிலையும் தட்டும்போதுதான் என்பதை ஏங்கெல்ஸ் 1872 இல் எழுதத் தொடங்கிய வீட்டுப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளிலே விளக்கியிருந்தார். கொழும்பின் அனுபவம் அதற்குப் புறம்பானதன்று.

4

இக்கட்டளைச் சட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக இந்நாட்டுக் கட்டிடங்களின் உருவத்தைத் தீர்மானித்து வந்துள்ளது. அதன் உள்ளடக்கம் சற்று நுணுகி நோக்கத்தக்கது. உள்ளூர் அதிகார சபையின் எல்லைக்குள், தலைவர் எழுத்து மூலம் அங்கீகரித்த வரைபடங்களுக்கும் விபரங்களுக்கும் அமைய அன்றி எவரும் கட்டிடம் எழுப்பலாகாது. தெருக்கோட்டுக்கு அப்பால் கட்டிடம் நீளலாகாது. குடியிருப்புக் கட்டிடங்கள் மனைப் பரப்பின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைக்கலாகாது. கட்டிடத்தின் உயரம் 63½ பாகைக் கோணத்தில் வரையப்படும் கற்பனைக் கோடொன்றுக்குள் அடங்க வேண்டும்; அண்டை வீட்டுக்கும் தெருவுக்கும் வெளிச்சம் மறைக்கப்படாதிருத்தற்கான ஏற்பாடு இது. கட்டி முடிந்ததும், சட்டத்துக்கு இசைவாக அமைந்துள்ளது எனத் தலைவர் சான்றிதழ் வழங்கும் வரை, காவற்காரர் ஒருவர் தவிர வேறெவரும் அதிற் குடியிருக்கலாகாது. மீறுவோர் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டுத் தண்டம் விதிக்கப்படலாம். கட்டிடம் இடிக்கப்படவும் கட்டளையிடப்படலாம்.

இவ்விதிகளை முற்போக்காளர் எள்ளி நகையாடுவதற்கில்லை. வெளிச்சம், காற்று, வடிகால் ஆகியன எல்லா மனிதருக்கும் உரியவை. தனியார் சொத்துரிமை என்னும் புனிதப் பொருளின் மீது சமூகம் விதித்த முதற் கட்டுப்பாடுகளுள் இவை அடங்கும். ‘என் காணியில் நான் நினைத்ததைக் கட்டுவேன்’ என்ற உடைமையாளனின் குரலுக்கு எதிராக, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் வெயில் வேண்டும் எனச் சட்டம் சொன்னது. இதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும்.

எனினும் எந்தப் பனுவலையும் அது யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். இச்சட்டம் பேசுவது காணி உடையவனோடு. வரைபடம் சமர்ப்பிப்பவன் அவன். தெருக்கோட்டினால் நிலத்தை இழப்பவன் அவன். சான்றிதழ் பெறுபவனும் அவனே. வாடகைக் குடியிருப்பாளன் இப்பனுவலிலே தன் பெயரில் தோன்றுவது அரிது. மனித வாழ்வுக்கு ஒவ்வாதது என ஒரு கட்டிடம் பிரகடனப்படுத்தப்பட்டு மூடப்படும்போதே அவன் தோன்றுகிறான். அதுவும் வெளியேற வேண்டியவனாக. மூடப்பட்ட அறைக்குப் பதிலாக அவன் எங்கே போவான் என்ற வினா, விதிக்குள் வரும் வீட்டைக் கட்டும் வசதியுடையவனுக்கு எழுவதில்லை. புதிய கட்டிடங்களுக்குத் தரம் நிர்ணயிக்கப்பட்டது. அத்தரத்துக்குரிய செலவைத் தாங்க முடியாத கூலியை நிர்ணயித்தவர்களை அச்சட்டம் தொடவில்லை. இதன் தவிர்க்கவியலாத விளைவாக, நகரிலே சட்டத்துக்குட்பட்ட வீடு, சட்டத்துக்குப் புறம்பான வீடு என்னும் பிரிவு தோன்றியது. பழைய நிலமானிய விதி ஏழையின் வீடு நல்ல வீடாக இருக்கக்கூடாது என்றது. புதிய விதி நல்ல வீடல்லாதது வீடே அன்று என்றது. இரண்டிலும் இடருற்றவன் ஒருவனே.

1921 இல் கொழும்பு பற்றிய பூர்வாங்க அறிக்கையைத் தயாரித்தளித்த பற்றிக் கெடிஸ், அதற்கு முன்னர் 1914, 1915 ஆம் ஆண்டுகளிலே சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்தவர். நெருக்கமான குடியிருப்புகளை முற்றாக இடித்து அகலத் தெருக்கள் போடும் பொறியியலாளர் முறையை அவர் விரும்பியவரல்லர்; வேண்டிய சிலவற்றை அகற்றி ஏனையவற்றைப் பேணித் திருத்துமாறு வற்புறுத்தியவர். அவருடைய பூங்கா நகரக் கனவு கறுவாத்தோட்டத்து வீதிகளிலே ஓரளவு நனவாயிற்று. முடுக்குகளிலோ அவருடைய மென்மையான சிகிச்சைக்கு முதலீடு செய்வார் இருக்கவில்லை.

5

பட்டினங்களில் இவ்வாறு கூரையின் உயரமும் சாளரத்தின் பரப்பும் அளக்கப்பட்ட அதே காலத்தில், இந்நாட்டின் செல்வத்தைப் பெருமளவு உற்பத்தி செய்த மலையகத் தொழிலாளர் உள்ளூராட்சியின் பார்வைக்கு வெளியே இருந்தனர். 10 அடிக்கு 12 அடியான லயன் காம்பிராவிலே ஒரு குடும்பம், பல வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. லயன்கள் தோட்டத்தின் சொத்து. வேலை இழந்தவன் காம்பிராவையும் இழப்பான். தன் காம்பிராவின் முன்னே ஒரு தாழ்வாரம் இறக்குவதற்கும் அவன் துரையின் அனுமதியை வேண்டி நின்றான். அவனுக்குப் பரிசோதகரும் அனுமதி வழங்கும் தலைவரும் துரையே. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாகவும் ஆக்கிற்று. சி. வி. வேலுப்பிள்ளையின் நாவலொன்று ‘வீடற்றவன்’ எனப் பெயர் பெற்றிருப்பது தற்செயலானதன்று. கூரைக்குக் கீழ் வாழ்ந்தும் வீடற்றிருத்தல் என்னும் முரணை நம் இலக்கியம் சட்டவறிஞருக்கு முன்னரே இனங்கண்டுவிட்டது.

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை வழங்குவதிற் சபைகளைக் கட்டுப்படுத்தியது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018 இலேதான் நிறைவேறியது. 1915 தொடக்கம் 2018 வரை நூற்று மூன்று ஆண்டுகள் என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

6

சுதந்திரத்தின் பின்னர், நிலவுடைமை என்னும் அடிப்படையை நேரடியாகத் தொட்ட முயற்சி 1973 ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமாகும். ஐக்கிய முன்னணி அரசில் வீடமைப்பு அமைச்சராக இருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் கொணர்ந்த இச்சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகைக்கு வரம்பிட்டது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகளைக் குடியிருப்பாளர் வாங்குவதற்கு வழிசெய்தது. முடுக்கிலே வாடகை செலுத்தி வந்த பலர் முதன்முறையாகத் தம் அறைக்கு உரித்தாளராயினர். புதிய வீடுகளைக் கட்டுவதில் அச்சட்டம் போதிய வெற்றி பெறவில்லை என்ற விமரிசனத்தில் உண்மை உண்டு. ஆயின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் தகைமையை விரிவுபடுத்திய சட்டம் என்ற வகையில் அது வரலாற்றிலே தனியிடம் பெறும்.

1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அதன் அனுமதி கட்டாயமாயிற்று. 1986 இல் வர்த்தமானியில் வெளியான திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகள் பொதுவாக ஒரு மனைக்குக் குறைந்தபட்சம் 150 சதுர மீற்றரை, அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சை, வேண்டி நின்றன. கொழும்பின் முடுக்கிலே 6 பேர்ச் காணி கொண்ட தொழிலாளி எங்கே இருப்பான்?

இம்முரண்பாட்டுக்கு ஒரு விடை அதே காலத்திலே தோன்றியது. 1984 இல் தொடங்கப்பட்ட பத்து லட்சம் வீடுகள் திட்டத்தின் நகரப் பகுதியில், குடிசைவாழ் மக்களும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரும் ஒன்றாக அமர்ந்து, தம் குடியிருப்புக்கான கட்டிட விதிகளைத் தாமே வகுத்தனர். ஒழுங்கையின் அகலம் எவ்வளவு, பொதுச் சுவரை யார் தாங்குவது, சாளரம் எப்பக்கம் திறப்பது, கூரை நீர் எங்கே விழுவது என்பன பேசித் தீர்மானிக்கப்பட்டன. மனையின் அளவு 2 பேர்ச் வரை, அதாவது 50 சதுர மீற்றர் வரை குறைக்கப்பட்டது. விசேட திட்டப் பிரதேசங்களாகக் கொள்ளப்பட்டமையால் இவ்விதிகள் சட்ட அங்கீகாரமும் பெற்றன. விதியை மீறுபவர் என அதுவரை கருதப்பட்டோர் விதியை ஆக்குவோராயினர்.

இதனை மிகைப்படுத்தல் ஆகாது. அரசு நேரடியாக வீடு கட்டும் பொறுப்பிலிருந்து பின்வாங்கிய காலத்துக்கு ஏற்ற மலிவான வழியாகவும் அது அமைந்தது. கடனின் சுமை குடியிருப்பாளரையே சார்ந்தது. ஆயினும், தரம் என்பது மேலிருந்து இறங்கி வருவதொன்று மட்டுமன்று, கூடி வாழ்வோரின் இணக்கத்தாலும் உருவாகக்கூடியது என்பதை அது நடைமுறையில் நிரூபித்தது. அப்பாடம் பின்னர் மறக்கப்பட்டது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொணரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்து, முடுக்குவாசிகள் மாடித் தொகுதிகளுக்கு மாற்றப்பட்டு, அவர்கள் விட்டுச்சென்ற நிலம் முதலீட்டுக்குத் திறந்துவிடப்பட்டது.

7

இனி, பரிசோதனை என்பதன் பொருளை இரு நிகழ்ச்சிகளின் துணைகொண்டு நோக்கலாம். 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் மாடிக் கட்டிடமொன்று இடிந்து வீழ்ந்து உயிர்கள் பலியாயின. அனுமதியற்ற கட்டுமானம் பற்றிய விவாதம் அப்பொழுது எழுந்தது. அனுமதியும் பரிசோதனையும் வெறும் தொல்லை, அவற்றை ஒழித்துவிட்டாற் கட்டுமானம் செழிக்கும் எனக் கூறும் சந்தைவாதிகளுக்கு இந்நிகழ்ச்சி போதிய மறுமொழியாகும். பரிசோதகரின் கண் படாத கொங்கிறீற்றின் கீழ் நசுங்குவோர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர் அல்லர்.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் கொடியது. 1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டின் மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து வருகின்றது. 2011 முதல் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிலே கட்டிட அனுமதிக்கு அதன் பரிந்துரையும் வேண்டப்பட்டது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் அபாயத்தில் உள்ளன என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மலை சரிந்து அந்த லயன்களை மூடிற்று. பரிசோதனை அங்கே தவறவில்லை. அறிவியல் தன் கடமையைச் செய்திருந்தது. அபாயம் பற்றிய அறிக்கை யாரை நோக்கிப் பேசியது என்பதே பிரச்சினை. ‘இங்கிருந்து நீங்குக’ என்ற ஆலோசனை, நீங்கிச் சென்று கட்டுவதற்கு ஒரு துண்டுக் காணியேனும் உள்ளவனுக்கே ஆலோசனையாகும். காணியற்றவனுக்கு அது ஒரு செய்தி மாத்திரமே.

2015 இன் பின்னர் மலையகத்தில் 7 பேர்ச் காணியுடன் தனிவீடு என்னும் கோட்பாடு ஏற்கப்பட்டமை இப்பின்னணியிலேயே பொருள் பெறுகின்றது. எழுப்பப்பட்ட வீடுகள் தேவைக்கு மிகக் குறைவானவை. எனினும் லயனுக்குப் பதிலாக வேறொரு லயன் என்றில்லாமல், காணி உரிமை என்ற அடிப்படை அங்கு முன்வைக்கப்பட்டது.

தொகுத்து நோக்குமிடத்து, கட்டிட அனுமதியின் வரலாறு இருமுகப்பட்டதாகத் தோன்றுகின்றது. ஒரு முகம், தனிச் சொத்தின் பேராசையிலிருந்து பொதுமக்களின் காற்றையும் வெளிச்சத்தையும் உயிரையும் காத்துநிற்பது. மறுமுகம், சொத்தற்றவரைச் சட்டத்துக்குப் புறம்பானவராக்கி வெளியேற்றுவது. முதலாவதைப் பேணி இரண்டாவதை ஒழிப்பதற்கு அலுவலக நடைமுறையை விரைவுபடுத்துதல் மட்டும் போதாது. விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணம் காணி உறுதியாக இருக்கும் வரை, நிலப் பகிர்வு பற்றிய வினா கட்டிட அனுமதி பற்றிய வினாவின் முன்நிபந்தனையாகவே இருக்கும். மீரியபெத்தையில் மடிந்தோருள் எவரும் எந்த அலுவலகத்திலும் வரைபடம் சமர்ப்பித்து மறுக்கப்பட்டவரல்லர். சமர்ப்பிப்பதற்கு அவர்களிடம் ஒரு மனை இருக்கவில்லை.